மலை வராத படம்

திருவண்ணாமலையில் ஒரு தம்பதியின் பிணக்குக்கென்றே ஒரு தெரு இருக்கிறது. தை மாதம் இரண்டாம் நாள், அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலையம்மனுக்கும் மூளுகிற ஊடல் திருவூடல் தெருவில் ஊரறிய நடந்தேறுவதும், அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதும், வெளியே நின்றுபோன சுவாமி மறுநாள் மலையை வலம் வந்து, தம்மை மட்டுமே வணங்குவேன் என்று பிடிவாதம் பிடித்த பிருங்கி முனிவருக்குக் காட்சி கொடுத்துவிட்டு, ஒருவாறு சமாதானமாகி வீடு திரும்புவதும் இங்கே வருஷந்தோறும் நடக்கிற வைபவம். புருஷன் மனைவிக்குள் நடக்கும் சங்கதியைத் தெருவுக்குக் கொண்டுவரக் கூடாதென்பது உலகத்தார் நியாயம். அதைத் தெருவிலேயே நடத்தி, தெருவுக்கும் அந்தப் பெயரையே சூட்டிவிடுவது எங்கள் ஊர் நியாயம். ஆகையால், ரமணாசிரமத்துக்கு அருகே செங்கம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சிறு சந்தில் வசிக்கும் சாமானியத் தம்பதி, தங்களுக்குள் வைத்திருக்கும் இரண்டு பரிகாச வார்த்தைகளின் பூர்வோத்தரத்தைப் பொதுவில் சொல்லத் துணிந்தால், ஊரார் அதை அபசாரமாகக் கொள்ளமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில், ஐப்பசி பிறந்ததும் வந்து, மாசி முடிந்து பாறை சுடத் தொடங்கும்போது புறப்பட்டுவிடும் ஒரு அயர்லாந்துத் தம்பதி பல வருஷங்கள் குடியிருந்தார்கள். பகலெல்லாம் ஆசிரமத்துப் பழைய ஹாலில் கண்மூடி அமர்ந்திருப்பார்கள்; ராத்திரி ஏழரை மணிக்கு மேல் உலகத்தில் அவர்களைப்போல் சிரிப்பவர்களைக் காண முடியாது. அக்டோபர் 31-ஆம் தேதி இரவு மாத்திரம் மொட்டைமாடிச் சுவரில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டி, கையடக்கமான ஒரு புரொஜெக்டரில் பழைய பேய்ப் படங்களைப் போட்டு, எங்கள் இருவரையும் கூப்பிடுவார்கள். அது அவர்கள் ஊரில் ஹாலோவீன் என்கிற பேய்த் திருநாள். என் மனைவி வெங்காய போண்டா போட்டு எடுத்துக்கொண்டு மேலே போவாள். முதுமை காரணமாக அவர்கள் வருவது நின்றுபோனபோது, புரொஜெக்டரும் ஒரு பை நிறைய டிவிடிகளும் எங்களிடம் தங்கிவிட்டன. அன்றுமுதல் அந்த விரதத்தை நாங்கள் இருவருமாக அனுஷ்டித்து வருகிறோம்.

ஹாலோவீனின் பூர்வகதையை அந்த அயர்லாந்துக்காரர்தான் எனக்கு முதலில் விளக்கினார். அவர் நாட்டின் ஆதிக்குடிகள் அறுவடை முடிந்து இருட்காலம் தொடங்கும் சந்தியைச் சம்ஹைன் என்ற பெயரால் கொண்டாடினார்கள்; அந்த ஓர் இரவில் இறந்தோர் உலகத்துக்கும் இருப்போர் உலகத்துக்கும் நடுவிலுள்ள திரை மெலிந்துவிடுமென்பது நம்பிக்கை. கிறிஸ்தவ சமயம் பரவிய பிற்பாடு, நவம்பர் முதல் தேதி சகல புனிதர்களின் திருநாள் ஆயிற்று, மறுநாள் ஆன்மாக்களுக்கு. அந்த இரண்டாம் தேதியைத்தான் நம் நாட்டுக் கிறிஸ்தவர்கள் கல்லறைத் திருநாள் என்று பூவும் மெழுகுவத்தியுமாக ஆசரிக்கிறார்கள். முன்னிரவாகிய அக்டோபர் 31 மாத்திரம் பழைய பேய்களின் பாத்தியதையிலேயே தங்கிவிட்டது. அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் வெட்டி உள்ளே விளக்கு வைப்பார்களாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சம் பிழைக்க அமெரிக்கா போனவர்களுக்கு அங்கே அதைவிடப் பெரியதாகவும் குடைவதற்குச் சுலபமாகவும் ஒரு காய் கிடைத்தது. அமெரிக்கக் கண்டத்தைப் பிறப்பிடமாகக் கொண்டதாகையால், நம் முன்னோர்கள் ஒளிவுமறைவின்றிப் பரங்கிக்காய் என்று பெயரிட்ட அதே காய்.

இந்த இடத்தில் என் மனைவி சிரித்துவிட்டாள். சிரிப்புக்குக் காரணம் எதிர்மனையில் தொங்கிக்கொண்டிருந்தது. ரமண நகரில் அப்போது சந்துக்கு நாலு வீடு எழும்பிக்கொண்டிருந்த சமயம். கட்டுகிற வீடு ஒவ்வொன்றிலும் கோரைப்பல்லும் பிதுங்கிய கண்ணும் முறுக்கு மீசையுமாக முகமெழுதிய திருஷ்டிப் பூசணிக்காய் கயிற்றில் ஆடிக்கொண்டிருக்கும். ஆயுத பூஜை கழிந்தால், குங்குமம் கரைத்துக் கொட்டி, காசு போட்டு, முச்சந்தியில் உடைத்த பூசணிகளால் செங்கம் சாலையில் சைக்கிள் விட முடியாது. "இவங்க ஊர்ல வருஷத்துக்கு ஒரு நாளு, நம்ம ஊர்ல வீடு கட்டி முடிக்கிற வரைக்கும்" என்றாள். பேய்க்கு நாம் அளித்திருக்கும் மரியாதையை அவள் குறைத்து மதிப்பிட்டாள் என்றுகூடச் சொல்வேன். செஞ்சிப் பக்கத்து மேல்மலையனூரில், மகா சிவராத்திரிக்கு மறுநாள் நடக்கும் மயானக் கொள்ளையைப் பார்த்தவர்களுக்கு மேல்நாட்டு ஹாலோவீன் குழந்தை விளையாட்டாகத்தான் தோன்றும். அதுவும், யோசித்துப் பார்த்தால், ஒரு தம்பதியின் கதையே. பிரம்மனுடைய தலையைக் கிள்ளிய தோஷத்தால் கபாலம் கையை விட்டு நீங்காமல், பித்தேறித் திரிந்த புருஷனை மீட்பதற்காக, அங்காளம்மன் மயானத்தில் சோற்றை இறைத்தாள், கபாலம் ஆசைப்பட்டுக் கீழே இறங்கிற்று, இறங்கியதை மிதித்துக்கொண்டாள். இன்றும் காளி வேஷமிட்டவர்கள் முன்னே ஆடிச் செல்ல, ஜனங்கள் தானியத்தையும் காய்கனியையும் சில்லறைக் காசையும் மயானத்தில் சூறையிடுகிறார்கள். பேய்க்குத் தின்பண்டம் கொடுத்துச் சமாளிப்பதென்கிற தந்திரத்தை அமெரிக்கக் குழந்தைகளிடமிருந்து நாம் கற்கவேண்டிய அவசியம் இல்லை.

ஆனால், பழைய சினிமாவைப் பார்த்துப் பேய்த் திருநாள் கொண்டாடுவதென்பது அவர்களுக்கே உரிய நவீன சம்பிரதாயம். அதற்குத் துல்லியமான ஒரு பிறந்த வருஷமும் உண்டு. 1957 அக்டோபரில், யூனிவர்சல் கம்பெனியின் பழைய பயங்கரப் படங்கள் 52-ஐ ஒரே மூட்டையாகக் கட்டி, ‘ஷாக் தியேட்டர்’ என்ற பெயரில் அமெரிக்க டெலிவிஷன் நிலையங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். இருபது இருபத்தைந்து வருஷங்களுக்கு முன்பு கொட்டகைகளில் ஜனங்களை நடுங்கவைத்த டிராகுலாவும் பிராங்கன்ஸ்டைனும், இப்போது கூடத்துச் சோபாவில் சோளப்பொரியோடு உட்கார்ந்திருப்பவர்களின் நடுவே வந்து நின்றபோது, பயம் பாதியும் பரிகாசம் பாதியுமாக ஆயின. ஒவ்வொரு நிலையமும் சவப்பெட்டியிலிருந்து எழுந்து விகடம் பேசுகிற ஓர் அறிவிப்பாளரை நியமித்துக்கொண்டது. 1978-இல் வெளிவந்த ‘ஹாலோவீன்’ என்ற படத்திலேயே, கொலைகாரன் வெளியே திரிய, வீட்டுக்குள் குழந்தைகள் 1951-ஆம் வருஷத்துப் பழைய படமொன்றை டெலிவிஷனில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால், இருபதே வருஷத்தில் இந்த வழக்கம் எவ்வளவு வேரூன்றிவிட்டது பாருங்கள்.

நம் தமிழ்ப் பேய்ப் படங்களையும் நாங்கள் ஒதுக்கிவிடவில்லை. ஜெயசங்கரும் ஜெயலலிதாவும் நடித்த ‘யார் நீ?’ (1966) எங்கள் வீட்டில் இரண்டு தடவை ஓடியிருக்கிறது. வெள்ளைப் புடவை, பனிப்புகை, தூரத்துப் பாட்டு எல்லாம் சேர்ந்து ரோமம் சிலிர்க்கவைத்துவிட்டு, கடைசியில் பேயுமில்லை பிசாசுமில்லை, சொத்துக்கு ஆசைப்பட்ட மனிதனின் சூழ்ச்சி என்று முடித்துவிடுவது அந்தக் காலத்துப் பட முதலாளிகளின் பகுத்தறிவு. வெள்ளைப் புடவை திரையில் தோன்றிய மாத்திரத்தில் என் மனைவி, "பத்திரத்த எங்க வெச்சேன்னு கேக்க வந்திருக்கு" என்பாள். ஆசிரமத்தைச் சுற்றிலும் சென்ட் நிலத்தின் விலை ஏறிய வேகத்தை உடனிருந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பேயின் மீது பச்சாதாபமே உண்டாகும்.

இனி எங்கள் பரிகாசத்தில் முதலாவதற்கு வருகிறேன். அது 1931-ஆம் வருஷத்தைச் சேர்ந்தது.

அவ்வருஷம் பிப்ரவரியில் அமெரிக்காவில் ‘டிராகுலா’ வெளியாயிற்று. அதைப் பற்றி ஒரு ரஸமான செய்தி உண்டு. பகலில் ஆங்கில டிராகுலாவைப் பிடித்து முடித்துவிட்டு அந்தக் கோஷ்டி வீட்டுக்குப் போனதும், அதே அரங்கில், அதே சவப்பெட்டிகளுக்கிடையே, ராத்திரி முழுவதும் வேறொரு கோஷ்டி ஸ்பானிய பாஷையில் இன்னொரு டிராகுலாவைப் பிடித்தார்கள். பேய்ப் படத்தைப் பேய்கள் நடமாடும் வேளையிலேயே எடுத்த அந்த இரண்டாம் படத்தைத்தான் ரஸிகர்கள் பலர் மேலானதென்று சொல்கிறார்கள். அப்போது டப்பிங் என்கிற சௌகரியம் கைவரவில்லை. பாஷை மாறினால் மனிதர்களும் மாறவேண்டியிருந்தது. பம்பாயில் அர்தேஷிர் இரானி இந்தச் சிக்கலை இன்னும் சுலபமாகத் தீர்த்தார். மார்ச் 14-ஆம் தேதி இந்தியாவின் முதல் பேசும்படமாகிய ‘ஆலம் ஆரா’வை வெளியிட்ட அவர், அந்தப் படத்தின் அரங்கங்கள் கலைக்கப்படாமல் நிற்கும்போதே, எச். எம். ரெட்டியைக் கொண்டு ‘காளிதாஸ்’ படத்தை எடுத்தார். கதாநாயகி திருவையாற்று டி. பி. ராஜலக்ஷ்மி தமிழ் பேசினார். கதாநாயகர் பி. ஜி. வெங்கடேசன் தெலுங்கு பேசினார். கோயில் அர்ச்சகராக வந்த எல். வி. பிரஸாத் ஹிந்தி பேசினார். எல்லாம் ஒரே படத்தில், ஒரே கதையில், ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

படப்பெட்டி பம்பாயிலிருந்து சென்னைக்கு ரயிலில் வந்து இறங்கியதும், ஜனங்கள் தேங்காய் உடைத்து, ஊதுவத்தி ஏற்றி, பூவிறைத்து, உற்சவ மூர்த்தியை எழுந்தருளப் பண்ணுவதுபோலக் கொட்டகைக்கு ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள் என்பது அக்காலத்தாரின் வாய்மொழி. கொட்டகையின் பெயர் கினிமா சென்ட்ரல். பின்னாளில் முருகன் டாக்கீஸ் ஆனது அதுதான். திரையிட்ட தேதி 1931 அக்டோபர் 31. அதாவது தமிழ்ப் பேசும்படம் பிறந்தது சாட்சாத் ஹாலோவீன் இரவில். இதை நான் கண்டுபிடித்துச் சொன்னபோது, மாடித் தம்பதி கைகொட்டி ஆர்ப்பரித்தார்கள். "அப்ப இது உங்க பேய்த் திருநாளு இல்ல, எங்க ராஜலக்ஷ்மி பொறந்தநாளு" என்று என் மனைவி தீர்ப்புக் கூறினாள். பிறந்தது படமே தவிர ராஜலக்ஷ்மி அல்லவென்று நான் திருத்தப் போனது வீண் முயற்சி. ஐந்தே வருஷத்தில், ‘மிஸ் கமலா’வைத் தாமே எழுதித் தாமே டைரக்ட் செய்து, தமிழில் முதல் பெண் டைரக்டராகப் போகிற அந்த அம்மாளின் மேல் அவளுக்குத் தனி அபிமானம்.

அன்றிரவு ‘காளிதாஸ்’ படத்தையே போடலாமென்று ஆசைப்பட்டார் அயர்லாந்துக்காரர். போடுவதற்குப் படம் இல்லை. அதன் பிரதி ஒன்றுகூட இன்றைக்கு எஞ்சவில்லை. அதற்கு அரங்கம் கொடுத்த ‘ஆலம் ஆரா’வும் அப்படியே. அந்நாளைய நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றக்கூடியது. தீக்குத் தப்பினாலும் தானே இற்றுப் பொடியாகிவிடும். ஓடி முடிந்த படத்தைப் பத்திரப்படுத்த வேண்டுமென்ற எண்ணம் முதலாளிகளுக்கும் கிடையாது, சர்க்காருக்கும் கிடையாது. தமிழ்ப் பேசும்படத்தின் முதற்குரல் என்னவாயிருந்ததென்பதைப் பத்திரிகை விளம்பரத்தையும் பாட்டுப் புஸ்தகத்தையும் வைத்து ஊகிக்கவேண்டியவர்களாக இருக்கிறோம். இந்தக் குற்றத்தை எந்தப் பேயின் தலையிலும் கட்ட முடியாது.

படம் இல்லாவிட்டாலென்ன, கதை தெரியுமல்லவா? கர்வம் பிடித்த அரசகுமாரியைச் சூழ்ச்சியால் ஓர் அசட்டு மாட்டிடையனுக்கு மணமுடித்துவிடுகிறார்கள். அவள் காளியை வேண்ட, அசடன் மகாகவி காளிதாசன் ஆகிறான். வெற்று விரிப்பின்மேல் வெளிச்சத்தை மட்டும் விழவிட்டு, அந்த நால்வர் சபையில் நாங்கள் இருவருமே படத்தை நடத்திக் காட்டினோம். என் மனைவி ராஜலக்ஷ்மியாக நின்று, அரசகுமாரி அசட்டுப் புருஷனைக் கண்டிக்கும் கட்டத்தை, ஒத்திகையே தேவைப்படாத ஒரு சரளத்தோடு தமிழில் பொழிந்தாள். நான் தெலுங்கில் பதில் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த தெலுங்கு மொத்தம் இரண்டு வார்த்தை: "அவுனு, நிஜமே." ஆமாம், வாஸ்தவந்தான் என்று அர்த்தம். அவள் எதைச் சொன்னாலும் அதையே சொன்னேன். மணவாழ்க்கைக்கு இதற்கு மேல் தெலுங்கு அவசியப்படாதென்பதை அன்று தெரிந்துகொண்டேன். அந்தக் காலத்து ஜனங்கள் எப்படித்தான் இந்தப் பாஷைக் குளறுபடியைச் சகித்துக்கொண்டு படம் பார்த்தார்களோ என்று அயர்லாந்து அம்மாள் வியந்தபோது, என் மனைவி சொன்னாள்: "எந்த வீட்டுல புருஷனும் பொண்டாட்டியும் ஒரே பாஷையில பேசிக்கிறாங்க?"

அதுமுதல் வருஷம் முழுவதும், காய்கறிப் பையை மறந்துவிட்டு வந்தாலும், மின்சாரக் கட்டணத்துக்குக் கடைசி நாளைத் தவறவிட்டாலும், கண்டனம் தமிழில் வரும், பதில் தெலுங்கில் போகும். இதற்கு இந்த வட்டாரத்தில் முன்மாதிரி இல்லாமலுமில்லை. ரமணர் காலத்து ஆசிரமத்தில் கேள்வி ஒரு பாஷையிலும் விடை வேறொரு பாஷையிலுமாகவே சம்பாஷணை நடந்துகொண்டிருந்தது. முப்பதுகளில் அவற்றை ஆங்கிலத்தில் குறித்துவைத்த முனகால வேங்கடராமையா தெலுங்கர், பின்னர் சூரி நாகம்மாள் தம் சகோதரருக்குக் கடிதங்களாக எழுதியதும் தெலுங்கில்தான்.

இரண்டாவது பரிகாசம் மலையைப் பற்றியது. அதற்கு மூலபுருஷர் ஆங்கில நாவலாசிரியர் சாமர்செட் மாம். அவர் 1938-இல் இங்கே வந்தார். வழியைத் திறந்துவைத்தவர் பால் பிரண்டன். மேற்சொன்ன 1931-ஆம் வருஷமே இங்கு வந்து, 1934-இல் புஸ்தகம் எழுதி, அருணாசலத்தை ஐரோப்பாவின் படிப்பறைகளுக்குள் கொண்டுபோய் வைத்தவர். அந்தப் புஸ்தகத்தைப் படித்துவிட்டு, ஹாலிவுட்டிலிருந்து மெர்ஸிடஸ் டி அகோஸ்டா என்ற கதாசிரியையும், அதே 1938-இல், வந்து சேர்ந்தார். கிரேட்டா கார்போவின் நெருங்கிய சிநேகிதி. பின்னால் தம் சுயசரிதத்தை ரமண மகரிஷிக்கே சமர்ப்பணம் செய்தவர். ஆக, சினிமா உலகம் செங்கம் சாலைக்கு வந்துபோனது நேற்று இன்றல்ல.

மாம் வந்த கதையை, ஆசிரமவாசியாயிருந்த மேஜர் சாட்விக் எழுதிவைத்திருக்கிறார். வந்த இடத்தில் மாமுக்கு மயக்கம் போட்டுவிட்டது. சாட்விக்கின் குடிலில் அவரைப் படுக்கவைத்தார்கள். மகரிஷியே அங்கு எழுந்து வந்து, அரைமணி நேரம்போலப் பேச்சின்றி எதிரே அமர்ந்திருந்தார். பேசியாகவேண்டுமா என்று விருந்தாளி தயங்கியதற்கு, மௌனமும் பேச்சுத்தான் என்பதாக விடை கிடைத்தது. பெரிய பூட்ஸ் போட்டிருந்தபடியால், ஹாலுக்குள் போகாமல் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாராம். பிற்பாடு, மாம் அன்று சமாதி நிலையில் ஆழ்ந்துவிட்டாரென்று ஒரு பிரஸ்தாபம் பரவிற்று. அவரோ, தமக்கு அதற்கு முன்பும் மயக்கம் வந்ததுண்டு என்று வெகு நிதானமாக எழுதித் தீர்த்துவிட்டார். அந்த நிதானத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஆனால் மயக்கம் வீண்போகவில்லை. 1944-இல் ‘தி ரேஸர்ஸ் எட்ஜ்’ நாவல் வெளிவந்தது. கடோபநிஷத்தின் கத்திமுனை உவமையிலிருந்து எடுத்த தலைப்பு. அதில் யுத்தத்தால் மனமுடைந்த அமெரிக்க வாலிபன் ஒருவன் ஸ்ரீ கணேசர் என்ற குருவை அடைந்து சாந்தி பெறுகிறான். குருவுக்கு மகரிஷியின் சாயலைக் கொடுத்த மாம், ஆசிரமத்தை மட்டும் திருவாங்கூருக்குக் கொண்டுபோய்விட்டார். நாவலாசிரியருக்கு அந்தச் சுதந்தரம் உண்டு; போகட்டும். 1946-இல் டுவென்டியத் செஞ்சுரி பாக்ஸ் கம்பெனி, டைரோன் பவரைக் கதாநாயகனாக வைத்து அதைப் படமாக எடுத்தபோது, திருவாங்கூர் அவர்களுக்குப் போதவில்லை. ஹிந்துஸ்தானத்து ஞானியென்றால் சிகரங்கள் வேண்டாமா? கதைக்குள் ஒரு பனிமலைத்தொடரை எழுப்பி, குருவை அதன்மேல் ஏற்றிவிட்டார்கள்.

எங்கள் மொட்டைமாடியில் இந்தப் படத்தின் அந்தக் கட்டம் ஓடுகையில், திரைக்குப் பின்னாலேயே, நிலா வெளிச்சத்தில், 2,668 அடி அருணாசலம் நின்றுகொண்டிருந்தது. விரிப்பையும் மலையையும் மாறி மாறிப் பார்த்த என் மனைவி கேட்டாள்: "ஏங்க, மலை எங்கங்க?"

நான் சொன்னேன்: "ஷூட்டிங்குக்கு வரமாட்டேன்னுடுச்சாம்."

வேடிக்கைக்காக வாயில் வந்ததைச் சொன்னேனே தவிர, யோசிக்க யோசிக்க அதில் சரித்திர நியாயம் இருப்பதாகப் படுகிறது. சலம் என்றால் அசைவது. அசலம் என்றால் அசையாதது. அந்தப் பெயரைப் பூண்ட மலை எப்படிப் படப்பிடிப்புக்குப் போகும்? மலைதான் அப்படி என்றால், 1896 செப்டம்பர் முதல் தேதி பதினாறு வயதில் இங்கு வந்து சேர்ந்த மகரிஷியும், 1950 ஏப்ரல் 14 வரையில், 53 வருஷங்களுக்கு மேல், இந்த மலையின் எல்லையை விட்டு ஒரு நாளும் வெளியூர் போனதில்லை. பாக்ஸ் கம்பெனியார் சினிமாச் சிகரத்தில் தங்கள் குருவை நிறுத்தி விளக்கு ஜோடித்த அதே 1946-இல், இங்கே அவர் வந்த ஐம்பதாம் ஆண்டுப் பொன்விழாவைக் கொட்டகை போட்டுக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். உலகத்தில் விலாசம் மாறாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அவர்தான். அவருடைய விலாசத்தைத்தான் தேடித் தேடி மாற்றியிருக்கிறார்கள்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் அது ஹாலோவீன் பைக்குள் சேர நியாயமில்லை. அதைச் சேர்த்துவைத்தவர் பில் மர்ரே என்ற ஹாஸ்ய நடிகர். ‘தி ரேஸர்ஸ் எட்ஜ்’ நாவலை மறுபடி படமாக்க வேண்டும், அதில் தாமே கதாநாயகனாக நடிக்க வேண்டும் என்ற தாபம் அவரைப் பிடித்துக்கொண்டது. சிரிப்பு நடிகர் ஞானம் தேடுவதற்குப் பணம் போட யார் முன்வருவார்கள்? கொலம்பியா கம்பெனி ஒரு நிபந்தனையின் பேரில் இசைந்தது: முதலில் தங்களுக்கு ஒரு பேய்ப் படத்தில் நடித்துக்கொடுக்க வேண்டும். அதுவே ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’. 1984 ஜூனில் வெளிவந்து பணத்தைக் கொட்டு கொட்டென்று கொட்டிற்று. அதே வருஷம் அக்டோபரில், ஹாலோவீனுக்குப் பன்னிரண்டு நாள் முன்பாக, ஞானப் படம் வெளிவந்தது. வந்த சுவடு தெரியாமல் போயிற்று. அதிலும் குரு பனிமலைக்குத்தான் போயிருந்தார். இந்தத் தடவை பௌத்த மடம்.

பேய் சம்பாதித்துக் கொடுக்க, குரு செலவழித்தார் என்று அந்த அயர்லாந்துக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் போடுவது அவர் வகுத்த நியமம். முதற் படத்தில் பேயைப் பார்த்தால் போண்டா; இரண்டாம் படத்தில் பனி தெரிந்த க்ஷணம் என் மனைவியின் கேள்வி, அதற்கு என் பதில். அவள் கேட்காமல் விட்டால் அன்று அவளுக்கு உடம்பு சரியில்லையென்று அர்த்தம்.

சினிமாவைக் குறித்து மகரிஷி அடிக்கடி பேசியிருக்கிறார் என்பதை இங்கே சொல்லாமல் விடலாகாது. திரையில் தீ எரியும், திரை கருகுவதில்லை. வெள்ளம் பாயும், திரை நனைவதில்லை என்ற திருஷ்டாந்தம் அவருக்கு மிகவும் உகந்தது. தமிழ்ச் சினிமாவுக்குப் பேச்சு வருமுன்பே, 1928-இல் இயற்றிய உள்ளது நாற்பதின் முதற் செய்யுளிலேயே, சித்திரம், அதைப் பார்ப்பவன், சித்திரம் விழும் படம், விழச்செய்யும் ஒளி என்று நான்கையும் அடுக்கி வைத்திருக்கிறார். அங்கே படமென்பது துணி, திரைச்சீலை. படாம் என்றும் நம் பழைய நூல்கள் சொல்லும். துணிக்கு இருந்த பேரைத் துணியின்மேல் ஓடுவதற்குக் கொடுத்துவிட்டோம். அப்புறம் துணியை மறந்தோம். ‘காளிதாஸ்’ இரவன்று, படம் இல்லாமல் படத்தின்மேல் வெளிச்சம் மாத்திரம் விழுந்துகொண்டிருந்ததை நினைத்துக்கொள்கிறேன். அயர்லாந்து அம்மாள் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்; எதற்கென்று நான் கேட்கவில்லை.

சென்ற ஐப்பசியில் மழை பலத்துவிட்டது. 31-ஆம் தேதி மாலையில் சற்று விட்டதும், ஈரமான மொட்டைமாடியை என் மனைவி துடைப்பத்தால் தள்ளினாள்; நான் விரிப்பைக் கட்டினேன். பேய் வந்து போயிற்று. குருவின் முறை வந்து, பனிமலை தோன்றுகிற சமயத்தில், சொல்லிவைத்தாற்போல் மின்சாரம் நின்றது. ரமண நகரே இருண்டது. தவளைச் சத்தம் எழுந்தது. எங்கோ ஒரு மயில் அகாலத்தில் கூவிற்று. வழக்கப்படி தெற்குச் சரிவின் கருமை எழும்பி நிற்கவேண்டிய திக்கில் ஒன்றுமே இல்லை. அடிவாரத்து மரங்கள் வரைக்கும் மேகம் இறங்கி, மலையை வேரோடு மூடியிருந்தது.

"ஏங்க, மலை எங்கங்க?" என்றாள்.

வழக்கமான பதிலைச் சொல்ல வாயெடுத்தேன். அது பொருந்தாதே என்று திகைத்து நின்றுவிட்டேன். இருட்டில் போண்டாப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்திக்கொண்டே, "இத்தனை வருஷம் கூப்பிட்டாங்களே, இன்னைக்குத்தான் ஒத்துக்கிட்டுப் போயிருக்கும்" என்று அவளே சொன்னாள்.

"அவுனு, நிஜமே" என்றேன்.